டிஸ்ஃபேஜியா ‘தொண்டை அடைப்பு’ அல்ல

பக்கவாதம் வந்தவரின் வீட்டாருக்குக் கொடுக்கிற தாள்களில் டிஸ்ஃபேஜியாவை, அதாவது விழுங்கச் சிரமப்படுவதை, ‘தொண்டை அடைப்பு’ என்று எழுதுவதை இன்னும் எத்தனை நாள் பொறுத்துக்கொள்வது? கிரேக்கத்தில் ‘டிஸ்’ என்றால் கடினம், ‘ஃபாகெய்ன்’ என்றால் உண்ணுதல், அவ்வளவுதான். பெயர் ஒத்திருக்கும் டிஸ்ஃபேசியா வேறு, அது மொழித் தடுமாற்றம்.

அடைப்பு என்றால் ஏதோ சிக்கிக்கொண்டிருக்கிறது என்றுதான் யாரும் நினைப்பார்கள். உணவுக்குழாயில் புற்றுக்கட்டி இருந்தால் அது சரி. பக்கவாதத்திலும் பார்க்கின்சன் நோயிலும் பெரும்பாலும் எதுவும் அடைப்பதில்லை. விழுங்கும் நொடியில் குரல்வளை மேலே எழும்பி மூச்சுப்பாதை மூடிக்கொள்ள வேண்டும், அது தாமதமானாலோ அரைகுறையாக மூடினாலோ வாயில் இருப்பது நுரையீரல் பக்கம் இறங்கிவிடும். ‘அடைப்பு’ என்று படித்தவர் என்ன செய்வார்? தண்ணீர் ஊற்றி உள்ளே தள்ளப் பார்ப்பார். இவர்களில் பலருக்கு வேகமாக ஓடும் தண்ணீர்தான் ஆபத்து, அதனால்தான் சிலருக்கு நீரையே கெட்டியாக்கிக் கொடுக்கச் சொல்கிறார்கள். போதாக்குறைக்குத் ‘தொண்டை அடைப்பான்’ என்பது டிப்தீரியாவுக்கு நாம் ஏற்கெனவே வைத்த பெயர், மாட்டுக்கு வரும் ஒரு நோய்க்கும் அதே பெயர். ‘விழுங்கல் நோய்’ என்பதும் எனக்கு உடன்பாடில்லை, இது நோயல்ல, அறிகுறி.

‘விழுங்கல் சிரமம்’ என்று எழுதினால் பாட்டிக்கும் புரியும். சிரமம் வடசொல் என்று வருந்துகிறவர்கள் ‘விழுங்கல் இடர்’ என்று எழுதட்டும், எனக்குச் சண்டையில்லை.

மொழிபெயர்ப்பாளர்கள் மேல் எனக்குள்ள பெரிய கோபம் இன்னொன்று. வாயில் இருப்பது நுரையீரலுக்குள் இறங்குவதால் வரும் ஆஸ்பிரேஷன் நிமோனியாவை ‘உறிஞ்சுதல் நிமோனியா’ என்கிறார்கள். யார் எதை உறிஞ்சினார்கள்? புரையேறுதல் என்ற சொல் ஒவ்வொரு வீட்டுச் சாப்பாட்டு நேரத்திலும் புழங்குகிறதே! ‘புரையேறிய நிமோனியா’ என்றால் காரணமும் சேர்ந்தே புரிந்துவிடும். ஒன்றை மட்டும் சேர்த்து எழுத வேண்டும்: புரையேறினால் இருமல் வரும் என்பது நம் பழக்கம், ஆனால் தொண்டையின் உணர்வு குறைந்தவர்களுக்கு இருமலே இல்லாமலும் புரையேறும்.

அப்புறம் ‘பேச்சு சிகிச்சை’. விழுங்கச் சிரமப்படுகிறவரையும் இந்தப் பெயர்ப்பலகை உள்ள இடத்துக்குத்தான் அனுப்புகிறார்கள். “அப்பா நல்லாத்தானே பேசறார், பேச்சுப் பயிற்சி எதுக்கு?” என்று வீட்டார் கேட்டுவிட்டுப் போகாமல் இருந்துவிடுகிறார்கள். பேசுவதற்கும் விழுங்குவதற்கும் உதடு, நாக்கு, குரல்வளை எல்லாம் ஒன்றுதான், விழுங்கப் பழக்குவதும் அதே நிபுணரின் வேலை. பெயர்ப்பலகையில் ‘பேச்சு, விழுங்கல் பயிற்சி’ என்று இரண்டையும் எழுதிவிட்டால் இந்தக் கேள்வியே எழாது.