ஏரிக் காட்டில் கேம்பிங்: திட்டத்தைத் தண்ணீரிலிருந்து தொடங்குங்கள்

காட்டுக்குள் இருக்கும் ஏரிப் பக்கம் கூடாரம் போட்டுத் தங்கக் கிளம்புகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது பாம்பைப் பற்றித்தான். இல்லாவிட்டால் கரடி. அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கிறேன் என்பதால் கேட்கிறார்கள், நானும் தெரிந்ததைச் சொல்கிறேன். ஆனால் இப்படிப்பட்ட பயணங்களிலிருந்து எங்கள் ஸ்ட்ரெச்சருக்கு வந்து சேருகிறவர்களில் மிருகத்திடம் மாட்டியவர்கள் அபூர்வம். தண்ணீரில் விழுந்தவர்கள், கண்ட தண்ணீரைக் குடித்தவர்கள், நனைந்து குளிரில் விறைத்தவர்கள் அதிகம். அதனால்தான் எங்கே தங்குவது, என்ன சமைப்பது என்பதற்கெல்லாம் முன்னால் தண்ணீரைப் பற்றி யோசிக்கச் சொல்கிறேன்.

கோடையில் ஏரியின் மேற்பரப்பு இதமாக இருக்கும். கரையில் நின்று காலை நனைத்துப் பார்த்துவிட்டு ‘குளிரவே இல்லையே’ என்று முடிவு செய்துவிடுவோம். ஆழமான ஏரிகளில் வெயில் காலத்தில் தண்ணீர் அடுக்குகளாகப் பிரிந்து நிற்கும். மேலே வெதுவெதுப்பான அடுக்கு. சில மீட்டர் கீழே போனால் வெப்பநிலை சட்டென்று இறங்கிவிடும். வசந்த காலத்திலோ மேல் தண்ணீரே குளிராகத்தான் இருக்கும், வெளியே எவ்வளவு வெயில் அடித்தாலும்.

15 டிகிரி செல்சியஸுக்குக் கீழே உள்ள தண்ணீரில் திடீரென்று விழுந்தால் மூச்சு நம் பேச்சைக் கேட்காது. விழுந்த நொடியில் தானாகவே ஒரு பெரிய மூச்சை இழுப்போம். அந்த நேரத்தில் தலை தண்ணீருக்கு அடியில் இருந்தால் உள்ளே போவது தண்ணீர்தான். நன்றாக நீச்சல் தெரிந்தவர்களும் கரைக்குப் பக்கத்திலேயே மூழ்கிப்போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

கனடாவில் மனிடோபா பல்கலைக்கழகத்தில் குளிர்நீரில் உடம்பு எப்படி நடந்துகொள்கிறது என்று ஆராய்ந்த கார்டன் கீஸ்பிரெக்ட், இதை 1-10-1 என்று சுருக்கிச் சொல்வார். மிகக் குளிர்ந்த தண்ணீரில் விழுந்தவருக்கு மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர 1 நிமிடம். கை கால் சொன்னபடி வேலை செய்வது ஏறத்தாழ 10 நிமிடம்தான். குளிரால் நினைவு தப்ப ஏறத்தாழ 1 மணி நேரம். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது நடுவில் இருக்கும் அந்தப் பத்து. உடம்பின் உள்சூடு இன்னும் மிச்சம் இருக்கும்போதே, கைகால் ஓய்ந்து, நீந்த முடியாமல் மூழ்குகிறார்கள். லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தால் அந்த ஒரு மணி நேரம் முழுக்கவும் உங்கள் கையில் இருக்கிறது. மீட்க வருகிறவர்களுக்கும் நேரம் கிடைக்கிறது.

படகு கவிழ்ந்து மீட்கப்பட்டு வந்த ஓர் இளைஞர், ஜாக்கெட் படகில்தான் இருந்தது, உட்கார வசதியாக அடியில் போட்டிருந்தேன் என்றார். கவிழ்ந்த பிறகு அது மிதந்து வந்ததைப் பிடித்தும்விட்டார். ஆனால் பக்கிளை மாட்ட விரல் மடங்கவில்லை. நெஞ்சோடு கட்டிப்பிடித்தபடியே கிடந்திருக்கிறார், இன்னொரு படகு வரும்வரை. எங்களிடம் வந்தபோதும் கட்டை விரலையும் சுட்டு விரலையும் சேர்த்து ஒரு சட்டைப் பட்டனைப் பிடிக்க அவரால் முடியவில்லை. ஈரச் சட்டையைக் கத்தரித்துத்தான் எடுத்தோம். படகில் ஜாக்கெட் இருப்பது பாதுகாப்பு ஆகாது. கரையிலேயே போட்டு, பக்கிளை மாட்டிவிட்டு ஏறுங்கள். குழந்தைக்குப் போட்டதும் இரு தோள் பட்டைகளையும் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். ஜாக்கெட் காது வரை ஏறினால் அது அந்தக் குழந்தைக்குப் பெரியது.

2021ஆம் ஆண்டில் மட்டும் உலகம் முழுக்கச் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. மூழ்குகிறவர் கத்துவார், கையை ஆட்டிக் கூப்பிடுவார் என்று நினைக்காதீர்கள். மூச்சுக்கே வழியில்லாதவருக்குக் குரல் வராது. தலை பின்னால் சாய்ந்து, வாய் தண்ணீர் மட்டத்தில், கைகள் பக்கவாட்டில் தண்ணீரை அழுத்தியபடி சத்தமில்லாமல் உள்ளே போய்விடுவார்கள். ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆகவே குழந்தைகள் தண்ணீரில் இருக்கும் நேரத்துக்கு ஒரு பெரியவரைப் பெயர் சொல்லி நியமியுங்கள். அவர் கையில் போன் இருக்கக் கூடாது, சமையல் வேலை கூடாது. எல்லாரும் பார்த்துக்கொள்வோம் என்று விடும் இடத்தில் யாருமே பார்ப்பதில்லை.

யாராவது மூழ்கினால் பின்னாலேயே குதித்துவிடாதீர்கள். கயிறோ நீளமான கம்போ மிதக்கும் பொருளோ எதையாவது நீட்டுங்கள், எறியுங்கள். வெளியே எடுத்தவருக்கு மூச்சு இல்லையென்றால் வயிற்றை அமுக்கித் தண்ணீரை வெளியேற்றப் பார்க்க வேண்டாம். நேரம்தான் போகும், வயிற்றில் இருப்பது நுரையீரலுக்குள்ளும் போகலாம். முதலில் வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுங்கள், பிறகு நெஞ்சை அழுத்துங்கள். மூழ்கியவருக்கு வெறும் நெஞ்சு அழுத்தம் போதாது, ஏனென்றால் அவருக்குக் குறைந்திருப்பது ஆக்ஸிஜன். இதைப் படித்துத் தெரிந்துகொண்டால் மட்டும் கை வராது. கிளம்புவதற்கு முன் குழுவில் இரண்டு பேராவது முறையாக சிபிஆர் பயிற்சி எடுத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சியே கேட்கிறேன்.

நனைந்து குளிரில் நடுங்குகிறவர் திடீரென்று நடுக்கம் நின்று, பேச்சு குழறி, தடுமாறினால் அவர் தேறிவிட்டார் என்று அர்த்தமில்லை, நிலைமை மோசமாகிறது. படுக்க வைத்து, ஈரத் துணியைக் கழற்றி, தரையின் குளிர் ஏறாமல் அடியிலும் மேலேயும் மூடுங்கள். கை காலைத் தேய்க்க வேண்டாம். மது கொடுக்கவே கூடாது. உடம்பு சூடாவது போலத் தெரியும், ஆனால் உள்சூடு தோல் வழியே வெளியேறிவிடும். இதற்காகத்தான் ஒரு செட் உடையைத் தண்ணீர் புகாத பையில் தனியாகக் கட்டி எடுத்துப் போகச் சொல்கிறோம். பருத்தி வேண்டாம். நனைந்தால் சூடு தராது, லேசில் காயவும் காயாது.

அப்புறம் குடிநீர். கண்ணாடி மாதிரித் தெளிந்த ஏரியிலும் ஜியார்டியா போன்ற ஒட்டுண்ணிகள் இருக்கலாம். கொதிக்க வைப்பதுதான் நம்பகமான வழி: நன்றாகக் கொதிக்க ஆரம்பித்த பிறகு 1 நிமிடம், 2,000 மீட்டருக்கு மேலான இடங்களில் 3 நிமிடம். குளோரின் மாத்திரையை மட்டும் நம்ப வேண்டாம், கிரிப்டோஸ்போரிடியம் என்ற இன்னொரு ஒட்டுண்ணி அதற்கு அசையாது. இன்னொன்று, ஏரியில் பச்சைப் பெயின்டைக் கொட்டியது போலப் படலம் தெரிந்தால் அந்தத் தண்ணீரை எதற்குமே தொடாதீர்கள். அந்த நீலப்பச்சைப் பாசியின் நச்சு கொதிக்க வைத்தாலும் போகாது. மலஜலம் கழிப்பதற்கும் பாத்திரம் கழுவுவதற்கும் கரையிலிருந்து குறைந்தது 60 மீட்டர் தள்ளிப் போங்கள். உங்களுக்குப் பிறகு வருகிறவரும் அதே தண்ணீரைத்தான் குடிக்கப் போகிறார்.

இடி கேட்டால் உடனே கரையேறுங்கள். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்துத்தான் மறுபடி தண்ணீர். கூடாரம் மின்னலைத் தடுக்காது, வண்டி பக்கத்தில் இருந்தால் அதற்குள் போய்விடுங்கள். பட்ட மரத்தடியிலும் காய்ந்த கிளைக்குக் கீழேயும் கூடாரம் போடாதீர்கள்.

கூடாரத்துக்குள் அடுப்பு, கரி கணப்பு எதுவும் வேண்டாம். தீ அணைந்தது போலத் தெரியும் கரியும் கார்பன் மோனாக்சைடு விடும். வாசனை கிடையாது. தூக்கத்தில் இருக்கிறவருக்குத் தெரியவே தெரியாது.

எங்கே தங்குகிறீர்கள், எந்த வழி, எத்தனை பேர், எந்த நாள் எந்த மணிக்குள் திரும்பாவிட்டால் தேட ஆள் அனுப்ப வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி வீட்டில் ஒருவரிடம் கொடுங்கள். காட்டில் போன் சிக்னல் இல்லாதபோது உங்களுக்காகப் பேசப் போவது அந்தத் தாள்தான்.

ஊர் திரும்பி ஒன்றிரண்டு வாரம் கழித்து வயிற்றுப்போக்கு, துர்நாற்றமான எண்ணெய்ப் பசை மலம், வயிறு உப்புசம் என்று வந்தால் நேற்றைய சாப்பாட்டை மட்டும் சந்தேகப்படாதீர்கள். டாக்டரிடம் போகும்போது ஏரிப் பக்கம் தங்கியதையும் அங்கே என்ன தண்ணீர் குடித்தீர்கள் என்பதையும் நீங்களாகவே சொல்லுங்கள். வழக்கமான மலக் கிருமி வளர்ப்புச் சோதனையில் ஜியார்டியா தெரியாது, அதற்கென்று தனியாகச் சோதனை எழுதித்தர வேண்டும். நீங்கள் சொல்லாவிட்டால் எங்களுக்கு அது தோன்றாமலே போகலாம்.