மீன் தொட்டியில் முளைக்கும் கறுப்புத் தாடி

மீன் தொட்டியில் வளர்க்கும் அனுபியாஸ் செடியின் இலை ஓரத்தில் குஞ்சம் குஞ்சமாகத் தொற்றிக்கொள்ளும் கறுப்புத் தாடி, உண்மையில் சிவப்புப் பாசி இனம். ஒரு துணுக்கைச் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் ஊறவைத்தால் பச்சையம் கரைந்துபோய், ஒளிந்திருந்த சிவப்பு நிறம் வெளிப்படும். விரலால் தேய்த்தால் இலைதான் கிழியும், பாசி போகாது.

இதைக் கண்டதும் பலர் "சத்து கூடிப்போச்சு" என்று உரத்தை நிறுத்திவிடுவார்கள். செடி வெளுக்கும், தாடி அப்படியே இருக்கும். மயிரிழை போன்ற பாசிக்குத் தேவை மிகக் கொஞ்சம். மீன் கழிவும் மிச்சத் தீனியுமே அதற்குத் தாராளம். பட்டினி கிடப்பது செடிதான்.

பெரும்பாலான தொட்டிகளில் உண்மையான தட்டுப்பாடு கார்பனுக்கு. 25 டிகிரி வெப்பத்தில், காற்றுபட நிற்கும் ஒரு லிட்டர் நீரில் கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடு அரை மில்லிகிராமுக்குச் சற்று மேல், அவ்வளவுதான். அதுவும் நீரில் பரவும் வேகம், காற்றில் பரவுவதைவிடச் சுமார் 10,000 மடங்கு குறைவு. அகன்ற இலையை ஒட்டி அசையாமல் நிற்கும் நீர்ப்படலத்தைக் கடந்து வாயு உள்ளே போய்ச் சேரவே நேரமாகிறது. இந்த நிலையில் விளக்கை மட்டும் கூட்டினால் என்ன ஆகும்? அந்த வெளிச்சம் செடிக்கு உதவாது. நலிந்த இலைகள் கரிமப் பொருட்களைக் கசியவிடும். பாசி அங்கேதான் முதலில் வந்து உட்காரும்.

எனவே முதலில் கைவைக்க வேண்டியது விளக்கில். டைமர் போட்டு, நாளுக்கு 6 முதல் 8 மணி நேரம் எரியவிட்டால் போதும். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் வைத்திருப்பவர்கள் லிட்டருக்கு 20 முதல் 30 மில்லிகிராம் வரை வாயு விடுகிறார்கள். மிஞ்சினால் மீன்கள் மேலே வந்து மூச்சுக்குத் திணறும். அளவைவிட அது நிலையாக இருப்பதே முக்கியம் என்பது என் கட்சி. இன்று 30, நாளை 10 என்று ஆடும் தொட்டிகளில்தான் தாடி செழிக்கிறது. விளக்கு எரிவதற்கு ஒரு மணி நேரம் முன்பே வாயுவைத் திறந்துவிடுவது நல்லது.

ஏற்கெனவே தாடி பிடித்த பழைய இலைகளை வெட்டி எறியுங்கள். கல்லிலும் கட்டையிலும் இருந்தால், ஃபில்டரை நிறுத்திவிட்டு, 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடைச் சிரிஞ்சால் சிறிதளவு அதன்மேல் விடலாம். சில நாளில் இளஞ்சிவப்பாகிச் சாகும். அதன்பின் இறால்களே கொறித்துத் தீர்த்துவிடும்.

சிலிண்டருக்குச் செலவழிக்க மனமில்லாதவர்களுக்கு மிதக்கும் செடிகள் போதும். ஆகாயத்தாமரைக்கு இலை காற்றில், வேர் நீரில்; கார்பன் பஞ்சமே கிடையாது. நீரிலுள்ள அம்மோனியாவையும் நைட்ரேட்டையும் வேகமாக இழுத்துக்கொள்ளும், நிழலும் தரும். ஆனால் வாராவாரம் அள்ளிக் குறைக்க வேண்டும். அள்ளியதை ஏரியிலோ குளத்திலோ கொட்டிவிடாதீர்கள். காயவைத்து எருக்குழியில் போடுங்கள்.