எக்ஸ்ரேயில் வெளேரென்று தெரியும் எலும்பு

விழுந்து கையை உடைத்துக்கொண்டான் என்று ஒரு பிள்ளையைத் தூக்கி வந்தால் யாரும் பெரிதாக யோசிப்பதில்லை. மாவுக்கட்டோ புத்தூர்க் கட்டோ போட்டாகிவிடும். அடுத்த வருஷமே அவனுக்குத் தொடை எலும்பு உடைகிறது. படிப்பு ஏறவில்லை, வயசுக்கேற்ற உயரம் இல்லை, பல் கோணல் என்பதெல்லாம் வேறு வேறு டாக்டர்களின் சீட்டுகளில் தனித்தனியாகக் கிடக்கும். அவற்றை ஒருவரும் சேர்த்துப் பார்க்காமல் வருஷங்கள் ஓடிவிடுவதுதான் என் வேதனை.

நான் சென்னை தண்டையார்பேட்டையில் பிசியோதெரபிஸ்ட். அப்படி வந்த ஒரு பையனின் எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நீள எலும்பின் நடுவில், மஜ்ஜை இருக்கும் பகுதி சற்றுக் கருப்பாகத் தெரிய வேண்டும். அவனுக்கு ஓரத்திலிருந்து ஓரம் வரை ஒரே வெள்ளை. "எலும்பு நல்லா கெட்டியா இருக்குன்னுதான் சொன்னாங்க மேடம். அப்புறம் எப்படி உடையுது?" என்று கேட்டார் அவன் அம்மா. நியாயமான கேள்வி. ஆஸ்டியோபெட்ரோசிஸ் என்ற, எலும்பு அளவுக்கு மீறி இறுகிப்போகும் நோயில் ஒரு வகை இது.

எலும்பு கரைந்து கரைந்து புதிதாக உருவாகிக்கொண்டே இருப்பது. பழையதைக் கரைக்கும் செல்களுக்கு அமிலம் வேண்டும். அந்த அமிலம் சுரக்க கார்பானிக் அன்ஹைட்ரேஸ் 2 என்ற நொதி வேண்டும். மரபணுக் கோளாறால் அது இல்லாமல் போனால் பழைய எலும்பு கரையாமல் சேர்ந்துகொண்டே போகும். அடர்த்தி ஏறும், ஆனால் சுண்ணக்கட்டி மாதிரி படக்கென்று உடையும். இதே நொதி சிறுநீரகத்துக்கும் மூளைக்கும்கூடத் தேவை. அதனால் ரத்தத்தில் அமிலத்தன்மை கூடி வளர்ச்சி குன்றும். மூளையில் கால்சியம் படியும். பல பிள்ளைகளுக்கு அறிவு வளர்ச்சி பின்தங்கும். கண் நரம்பு செல்லும் எலும்புத் துளை குறுகினால் பார்வையும் போகும். இவை எல்லாவற்றுக்கும் அந்த ஒரே நொதி இல்லாததுதான் காரணம் என்று 1983-இல் அமெரிக்க மருத்துவ ஆய்வாளர் வில்லியம் ஸ்லை குழுவினர் கண்டறிந்தார்கள். மிக அரிதான நோய்தான்.

ஆனால் தாய்மாமனுக்கும் அத்தை மகனுக்கும் பெண் கொடுப்பது நம் வீடுகளில் இன்னும் நடக்கிறது. பழுதான மரபணு ஒன்றை அப்பாவும் ஒன்றை அம்மாவும் கொடுத்தால்தான் இந்த நோய் வரும். நெருங்கிய சொந்தமென்றால் இருவரிடமும் ஒரே பழுது இருக்க வாய்ப்பு அதிகம். அப்படிப்பட்ட தம்பதிக்கு ஒவ்வொரு கர்ப்பத்திலும் 25 சதவீத வாய்ப்பு. கிரகணத்தில் வெளியே போனாள், மாசமா இருக்கும்போது ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்று மருமகளைக் குத்திக் காட்டுவது அநியாயம். தயவுசெய்து நிறுத்துங்கள். அடுத்த குழந்தைக்கு முன் மரபியல் ஆலோசனைக்குப் போங்கள்.

அடிக்கடி எலும்பு முறிவும் மந்தமான வளர்ச்சியும் ஒரே பிள்ளைக்கு இருந்தால், பழைய எக்ஸ்ரேக்கள் அத்தனையையும் எடுத்துக்கொண்டு ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கோ எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கோ போங்கள். ரத்தத்தில் பைகார்பனேட், பொட்டாசியம் அளவைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கால்சியம் டானிக்கை நீங்களாக மெடிக்கலில் வாங்கி ஊற்றாதீர்கள். அமிலத்தன்மையை மருந்தால் சரிசெய்யலாம். எலும்பு மஜ்ஜை மாற்று எலும்பைச் சீராக்கும், சிறுநீரகக் கோளாறை நீக்காது. 2021-ஆம் ஆண்டின் தேசிய அரிய நோய்க் கொள்கையில் ஆஸ்டியோபெட்ரோசிஸ், ஒரு முறை செய்யும் சிகிச்சையால் பலன் தரக்கூடிய நோய்களுக்கான முதல் பிரிவில் இருக்கிறது. நிதியுதவிக்கு வழி உண்டா என்று அங்கேயே விசாரியுங்கள்.

பிசியோவுக்கு அழைத்து வரும்போது நோயை முதலிலேயே சொல்லிவிடுங்கள். கை காலை இழுத்து வளைக்கும் பயிற்சிகளை நாங்கள் தவிர்ப்போம். பல் டாக்டரிடமும் மறைக்காதீர்கள். இவர்களுக்குப் பல் பிடுங்கிய இடத்தில் தாடை எலும்பு சீழ் பிடித்தால் ஆறுவது கடினம்.