மின்கம்பிக்குள் எலக்ட்ரான் எவ்வளவு தூரம் போகிறது?

மின் நிலையத்தில் கிளம்பும் எலக்ட்ரான்கள் கம்பி வழியே ஓடிவந்து வீட்டு விளக்கை எரிக்கின்றன என்பதுதான் நம்மில் பலர் மனத்தில் இருக்கும் சித்திரம். தெருமுனை டிரான்ஸ்பார்மர் ஒன்றே போதும், இது தவறென்று காட்ட. அதனுள் 11,000 வோல்ட் பக்கத்துக்கு ஒரு கம்பிச்சுருள், வீடுகளுக்குப் போகும் பக்கத்துக்கு வேறொரு சுருள். இரண்டுக்கும் இடையே உலோகத் தொடர்பு கிடையாது. காந்தப்புலம்தான் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஆற்றலைக் கடத்துகிறது. அணைக்கட்டு மின் நிலையத்தில் உள்ள எலக்ட்ரான் ஒன்றுகூட உங்கள் வீட்டு பிளக் பாயிண்டை எட்ட வழியில்லை.

வீட்டு ஒயருக்குள் இருப்பவையாவது ஓடுகின்றனவா? 1,000 வாட் அயர்ன் பாக்ஸை எடுத்துக்கொள்வோம். 230 வோல்ட்டில் அது இழுக்கும் மின்னோட்டம் சுமார் 4.35 ஆம்பியர். நொடிக்கு 4.35 கூலும் மின்னூட்டம் ஒயரின் குறுக்குவெட்டைக் கடக்க வேண்டும் என்று பொருள். தாமிரத்தில் அணுவுக்கு ஒன்று வீதம் கட்டில்லாத எலக்ட்ரான்கள் உண்டு. 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில் ஒரு மீட்டர் நீளத்துக்குள் அப்படி இருக்கும் மின்னூட்டத்தைக் கூட்டினால் 20,000 கூலும்களைத் தாண்டும். அவ்வளவு பெரிய கையிருப்பிலிருந்து நொடிக்கு 4.35 கூலும் நகர்ந்தால் போதும் என்றால், கூட்டம் மொத்தமும் நொடிக்கு 0.2 மில்லிமீட்டர் அசைந்தாலே காரியம் முடிந்துவிடும். பாடநூல்கள் சொல்லும் இழுப்புத் திசைவேகம் இதுதான். ஒரே திசையில் பாயும் நேர்மின்னோட்டமாக இருந்தால், 10 மீட்டர் ஒயரைக் கடக்க ஏறக்குறைய 13 மணி நேரம் ஆகும்.

நம் வீட்டுக்கு வருவதோ மாறுமின்னோட்டம். நொடிக்கு 50 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் திசை இருமுறை மாறும். ஒரு திசையில் நகர எலக்ட்ரான் கூட்டத்துக்குக் கிடைப்பது நொடியில் நூறில் ஒரு பங்கு மட்டுமே. அதற்குள் அது நகரும் தூரம் சுமார் 2 மைக்ரோமீட்டர். தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லை! உடனே திசை திரும்பி, வந்த தூரத்தைத் திரும்பக் கடக்கிறது. எவ்வளவு நேரம் துணி தேய்த்தாலும் நிகர நகர்வு சுழிதான்.

ஆனால் இதைப் படித்துவிட்டு ஒவ்வொரு எலக்ட்ரானும் இருந்த இடத்திலேயே மெல்ல ஆடிக்கொண்டிருக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. பல விளக்கங்கள் இங்கேதான் சறுக்குகின்றன. 2 மைக்ரோமீட்டர் என்பது கூட்டத்தின் சராசரி. தாமிரத்தில் மின்னோட்டத்துக்குக் காரணமான எலக்ட்ரான்கள், ஒயரைச் சும்மா மேசைமேல் போட்டுவைத்திருந்தாலும், நொடிக்கு சுமார் 1,600 கிலோமீட்டர் வேகத்தில் எல்லாத் திசைகளிலும் பறந்துகொண்டிருக்கின்றன. 40 நானோமீட்டர் போவதற்குள் அணுக்களின் அதிர்விலோ ஏதாவது மாசிலோ மோதித் திசை மாறுகின்றன. இந்தத் தாறுமாறான அலைச்சலிலேயே, நொடியில் நூறில் ஒரு பங்குக்குள் ஓர் எலக்ட்ரான் தொடங்கிய இடத்திலிருந்து இரண்டு சென்டிமீட்டர் அளவுக்குத் தள்ளிப் போய்விட முடியும். மின்னோட்டம் தரும் அசைவைப்போல அது பத்தாயிரம் மடங்கு. எல்லாத் திசையிலும் சமமாக நடப்பதால் அந்த அலைச்சலால் மின்னோட்டம் எழுவதில்லை, அவ்வளவுதான். அந்தப் பெருங்கலவரத்தின் மேல் ஏறி உட்கார்ந்த மிகச் சிறிய சாய்வைத்தான் ஆம்பியர் என்று அளக்கிறோம். எனக்கு இந்த இயலில் மிகவும் பிடித்த உண்மை இது.

உலோகத்துக்குள் நகர்வது எலக்ட்ரான்தான் என்பதற்கு அழகான ஒரு சோதனை உண்டு. 1916இல் டோல்மன், ஸ்டூவர்ட் என்ற இரண்டு இயற்பியலாளர்கள் ஒரு கம்பிச்சுருளை மிக வேகமாகச் சுழலவிட்டுச் சட்டென்று நிறுத்தினார்கள். பேட்டரி எதுவும் இணைக்கவில்லை. இருந்தும் ஒரு கணம் மின்னோட்டம் தோன்றியது. கம்பி நின்றுவிட்டது, உள்ளே கட்டில்லாமல் இருந்தவை நிலைமத்தால் முன்னே போயின. அந்தத் துடிப்பின் திசை அவை எதிர்மின்னூட்டம் கொண்டவை என்று காட்டியது. மின்னூட்டத்துக்கும் நிறைக்கும் உள்ள விகிதமும் எலக்ட்ரானுடையதை ஒட்டியே வந்தது.

முன்னும் பின்னும் ஆடினால் வேலை எப்படி நடக்கும்? இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுக்கும் மர ரம்பம் எங்கும் போய்ச் சேர்வதில்லை, மரம் அறுபடுகிறது. மின்புலம் எந்தப் பக்கம் தள்ளினாலும், எலக்ட்ரான்கள் பெறும் கூடுதல் ஆற்றல் மோதல்களில் அணுக்களுக்குப் போய் வெப்பமாகிறது. அதனால்தான் அயர்ன் பாக்ஸின் நிக்ரோம் சுருள் ஒரு சுற்றில் இருமுறை, நொடிக்கு 100 முறை, உச்ச வெப்பத்தைத் தருகிறது.

ஆற்றல் வந்து சேரும் பாதையை 1884இல் விளக்கியவர் ஆங்கில இயற்பியலாளர் ஜான் ஹென்றி பாய்ண்டிங். மின்புலமும் காந்தப்புலமும் சேர்ந்து இருக்கும் இடமெல்லாம் ஆற்றல் பாய்கிறது. பேஸ், நியூட்ரல் ஒயர்களுக்கு இடையே, அவற்றின் மேலுறையிலும் சுற்றியுள்ள வெளியிலும் அது பயணப்பட்டு, சுருளுக்குள் பக்கவாட்டில் நுழைகிறது. தாமிரத்தின் வேலை அதற்கு வழிகாட்டுவது. அந்தப் பயணம் ஒயரில் ஒரு நானோ நொடிக்கு 20 சென்டிமீட்டர் என்ற அளவில் நடக்கிறது. சுவிட்சைத் தட்டியதும் விளக்கு எரிவது இதனால்தான். ஒயர் நெடுக ஏற்கெனவே நிறைந்திருக்கும் எலக்ட்ரான்களைப் புலம் அநேகமாக ஒரே சமயத்தில் தள்ளிவிடுகிறது.

எத்தனை முறை தள்ள வேண்டும் என்பதை முடிவுசெய்வது எங்கோ சுழலும் டர்பைன். அனல்மின் நிலையத்தில் அதன் தண்டு நிமிடத்துக்கு 3,000 முறை, அதாவது நொடிக்கு 50 முறை சுழல்கிறது. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை வழியாகத் தென்னிந்திய மின்கட்டமைப்பு நாட்டின் பிற பகுதிகளோடு இணைக்கப்பட்டது. அன்றுமுதல் கன்னியாகுமரியில் ஒரு வீட்டு ஒயரும் காஷ்மீரில் ஒரு வீட்டு ஒயரும் ஒரே அதிர்வெண்ணுக்குக் கட்டுப்பட்டுத் தத்தம் எலக்ட்ரான்களை ஆட்டுகின்றன.