ஒரு லட்சத்து இருபதாயிரம் கண்ணி: வட கடல் மீனவரின் ஸ்வெட்டர் குளிரை எப்படித் தடுக்கிறது?

நான் பின்னும் ஸ்வெட்டருக்கு மார்புச் சுற்றளவு 110 சென்டிமீட்டர், உயரம் 65 சென்டிமீட்டர். அகலவாக்கில் சென்டிமீட்டருக்கு 3 கண்ணி (ஊசியில் நூலை வளைத்துப் போடும் ஒவ்வொரு சின்ன வளையமும் ஒரு கண்ணி), உயரவாக்கில் 4 வரிசை. பெருக்கிப் பார்த்தால் உடம்புப் பகுதிக்கு மட்டும் 85,800 கண்ணி. கை ஒன்றுக்குச் சராசரியாக 90 கண்ணி, 190 வரிசை என்று வைத்தால் இரண்டு கைக்கும் சேர்த்து 34,200. ஆக மொத்தம் 1,20,000. நான் நிமிடத்துக்கு 30 கண்ணி போடுவேன், அப்படியானால் எங்கும் நிற்காமல் பின்னினாலும் 66 மணி நேரத்துக்கு மேல் ஆகும். இந்தக் கணக்கை நூல் வாங்குவதற்கு முன்பே போட்டுப் பார்த்துவிட்டேன். அப்புறமும் வாங்கினேன்.

நான் பின்னுவது கேன்சி. பிரிட்டனின் கடலோர மீனவர்கள் 19ஆம் நூற்றாண்டிலும் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் போட்டுக்கொண்டு கடலுக்குப் போன ஸ்வெட்டர் அது. ஸ்காட்லாந்தின் எரிஸ்கே தீவு, யார்க்ஷயரின் விட்பி, ஃபைலி, நார்ஃபோக்கின் ஷெரிங்ஹாம், தெற்கே கார்ன்வால் என்று ஒவ்வொரு பக்கமும் ஒரு கைவாகு உண்டு. கெர்ன்சி என்ற தீவின் பெயர்தான் மீனவர் வாயில் கேன்சி ஆயிற்று. அதற்குப் பக்கத்துத் தீவின் பெயர் ஜெர்சி. திருப்பூரில் யாரிடமாவது பனியன் துணி என்ன ரகம் என்று கேட்டால் 'சிங்கிள் ஜெர்சி' என்று சொல்வார்களே, அந்தத் தீவுதான். நீங்கள் இப்போது பனியனோ டி-ஷர்ட்டோ போட்டிருந்தால் அதன் ஓரத்தைக் கொஞ்சம் இழுத்து உற்றுப் பாருங்கள், வரிசை வரிசையாகச் சின்னச் சின்ன 'வி' எழுத்து தெரியும். என் கையிலிருக்கும் கேன்சியின் அடிப்பகுதியிலும் இதே கண்ணிதான், என்ன, பல மடங்கு பெரிது.

இதைக் கையில் எடுத்த முதல் நாள் நான் எதிர்பார்த்தது மெத்தென்ற கம்பளி. வந்ததோ கிட்டத்தட்ட சணல்கயிறு மாதிரி இறுக்கமாக முறுக்கிய, மெல்லிய, கருநீல நூல். ஊசி 2.25 மில்லிமீட்டர். இவ்வளவு மெல்லிய ஊசியில், இவ்வளவு இறுக்கமாக, எதற்காக? தடித்த நூலில் தளர்வாகப் பின்னினால் பத்தே நாளில் முடிந்துவிடும், தொடுவதற்கும் கதகதப்பாக இருக்கும். இந்தக் கேள்விக்கு விடை தேடிப் போனதில்தான் இந்த உடுப்பின் மொத்த அறிவியலும் எனக்குப் பிடிபட்டது.

கம்பளி நமக்குச் சூடு கொடுப்பதில்லை, நம் உடம்புச் சூட்டை வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது, அவ்வளவுதான். அதையும் பெரும்பாலும் செய்வது இழைகளுக்கு நடுவே சிக்கிக்கொண்ட காற்று. அசையாமல் நிற்கும் காற்று வெப்பத்தை மிக மெதுவாகத்தான் கடத்தும், தண்ணீர் அதைவிட இருபது மடங்குக்கும் மேல் வேகமாகக் கடத்தும். ஆகவே படகில் நிற்கிறவனுக்கு இரண்டு எதிரிகள். ஒன்று, அந்தக் காற்றை விரட்டிவிட்டு அதன் இடத்தில் உட்காரும் ஈரம். இன்னொன்று, அந்தக் காற்றை நிற்கவிடாமல் அடித்துக்கொண்டு போகும் கடல்காற்று. தளர்வான ஸ்வெட்டரை வீட்டுக்குள் போட்டால் சுகம். அதையே காற்றடிக்கும் துறைமுகச் சுவர்மேல் போட்டு நின்று பாருங்கள், கண்ணிக்குக் கண்ணி ஊதல் உள்ளே வரும். நான் நின்று பார்த்திருக்கிறேன்.

காற்றைத் தடுக்க ஓட்டைகளை அடைக்க வேண்டும், அந்த வேலை நூலிலேயே தொடங்கிவிடுகிறது. கேன்சி நூலுக்கான ஆட்டு ரோமத்தைச் சீப்பு போட்டு வாரிக் குட்டை இழைகளை நீக்கி, நீண்ட இழைகளை ஒரே திசையில் படுக்க வைத்து, அதன்பின் நன்றாக முறுக்கி நூற்கிறார்கள். வார்ஸ்டட் என்று இதற்குப் பெயர். பஞ்சுபோல் சிலிர்த்து நிற்கும் முனைகள் குறைவு என்பதால் நூல் வழுவழுவென்று இருக்கும், உராய்ந்தாலும் எளிதில் தேயாது. இப்படி நூற்ற ஐந்து புரிகளைச் சேர்த்து ஒரே நூலாக முறுக்குகிறார்கள். இரண்டு புரி சேர்ந்த நூலை வெட்டிப் பார்த்தால் முகம் நீள்வட்டமாக இருக்கும், ஐந்து சேர்ந்தால் கிட்டத்தட்ட வட்டம். வட்டமான நூலில் போட்ட கண்ணிகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு உட்காரும், ஒவ்வொன்றும் தனித்தனியாக எடுப்பாகத் தெரியும்.

ஈரத்தின் கதை இன்னும் அழகானது. ஆட்டு ரோமம் கெரட்டின் என்ற புரதம், நம் தலைமுடியும் அதுவே. இழையின் மேல்தோலில் கூரை ஓடு வேய்ந்தமாதிரி செதில்கள், அந்தச் செதில்களின்மேல் வேதிப் பிணைப்பால் ஒட்டிய மிக மெல்லிய கொழுப்புப் படலம். ஆட்டின் எண்ணெய்ப்பசைதான் தண்ணீரை விரட்டுகிறது என்று பலரும் சொல்வதுண்டு, ஆனால் ஆலையில் கழுவும்போது அந்தப் பசையில் பெரும்பங்கு போய்விடுகிறது. இந்தப் படலம் போகாது. அதனால்தான் அலைத்திவலை மேலே பட்டால் முத்து முத்தாக உருண்டு நிற்கிறது. ஆனால் இழையின் உட்பகுதி இதற்கு நேர் எதிர், நீராவியைத் தேடிப் பிடித்து உறிஞ்சும், தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வரை உள்ளே வாங்கிக்கொண்டும் தொட்டால் ஈரமாகத் தெரியாது. போதாக்குறைக்கு, நீர் மூலக்கூறுகள் கெரட்டினோடு ஒட்டும்போது வெப்பமும் வெளியாகிறது. காய்ந்த கேன்சியைப் போட்டுக்கொண்டு ஈரக்குளிரில் இறங்கினால் அந்த முதல் சிறிது நேரத்துக்கு அது உண்மையாகவே கொஞ்சம் சூடாகும். பருத்தி நனைந்தால் தொய்ந்து உடம்போடு ஒட்டிவிடும். கம்பளி இழை நனைந்தாலும் சுருள்வில் மாதிரி ஓரளவு எழும்பி நிற்பதால் காற்றுக்கு இடம் மிச்சமிருக்கும்.

சரி, இறுக்கமாகப் பின்னிக் காற்றை வெளியே நிறுத்தியாயிற்று. ஆனால் இறுக்கினால் துணி தட்டையாகிவிடுமே, உள்ளே பிடித்து வைக்க வேண்டிய காற்றுக்கு இடம் எங்கே? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். அந்த இடத்தைத் தருவது கேன்சியின் மார்பில் இருக்கும் பூவேலை. ஏணி, கயிறு, வலை, கொடி, ஆலங்கட்டி, தம்பதியர் பிணக்கைச் சொல்லும் வளைந்து நெளிந்த கோடு என்று பெயர் வைத்து, அழகுக்காகப் போட்டதாக நாம் நினைக்கும் அத்தனை கோலமும் துணியை மேடு பள்ளமாக்கும் வேலையைச் செய்கின்றன.

எப்படி என்றால், பின்னலில் அடிப்படைக் கண்ணி இரண்டே. நூலை முன்பக்கமாக இழுத்தால் நிட், பின்பக்கமாக இழுத்தால் பர்ல். ஒன்றைத் திருப்பிப் பார்த்தால் மற்றொன்று. நேராக இருக்க விரும்பும் நூலை நாம் வளைத்து வைத்திருக்கிறோம், அது எந்நேரமும் நிமிரப் பார்க்கிறது. எல்லாமே நிட்டாக இருந்தால் அந்தத் திமிறல் ஒரே பக்கமாகச் சேர்ந்து, துணியின் பக்கவாட்டு ஓரங்கள் பின்னோக்கிச் சுருளும், மேல் கீழ் ஓரங்கள் முன்னோக்கிச் சுருளும். பனியனில் ஒரு துண்டு வெட்டி லேசாக இழுத்து விட்டால் சுருண்டுகொள்ளும் இல்லையா, காரணம் இதுவே. நிட்டும் பர்லும் கலந்து போட்டால் அடுத்தடுத்த கண்ணிகள் எதிரெதிர்த் திசையில் வளையப் பார்க்கும். துணி மொத்தமாகச் சுருளாது, அதற்குப் பதிலாக அங்கங்கே புடைக்கும், அங்கங்கே குழியும். மேலிருந்து கீழாகக் கோடு போல நிட் போட்டால் அந்தக் கோடு முன்னே வரும், கிடையாகப் பர்ல் போட்டால் அந்த வரிசை முன்னே வரும். இப்படிப் பின்வாங்கிய குழிகளில்தான் காற்று தங்குகிறது. அதே நூல், அதே ஊசி, ஆனால் துணி தடிமனாகிறது, ஒரு சதுர சென்டிமீட்டருக்குள் போகும் நூலும் கூடுகிறது.

கயிறு மாதிரி முறுக்கிய பின்னலில் ஒரு கூட்டம் கண்ணிகள் இன்னொரு கூட்டத்தின் மேலேறிப் போவதால் அங்கே துணி இரட்டை மடங்கு. அது பக்கவாட்டில் சுருங்கி இழுக்கும் என்பதால் கயிறு தொடங்கும் இடத்தில் கூடுதலாகச் சில கண்ணி சேர்த்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் மார்பு பிடிக்கும்.

ஒரே நூலில் கண்ணியின் அமைப்பை மட்டும் மாற்றினால் துணியின் குணமே மாறும் என்பதைக் கைவேலைக்காரர்கள் வெகு காலமாக அறிவார்கள். அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தில் எலிசபெத்தா மட்சுமோட்டோ என்ற இயற்பியலாளரின் குழு அதை அளந்தே காட்டி 2024இல் வெளியிட்டது. நிட் மட்டும், நிட்டையும் பர்லையும் வரிசைக்கு வரிசை மாற்றி, இரண்டையும் மேலிருந்து கீழாகக் கோடு கோடாக மாற்றிப் போடும் ரிப், கண்ணிக்குக் கண்ணி மாற்றி என்று நான்கு வகை, ஒவ்வொன்றும் இழுத்தால் ஒவ்வொரு விதமாக நீள்கிறது. நூல் நீள்வதில்லை, வளைந்த கண்ணி வடிவம் மாறிக் கொடுக்கிறது. அடிவிளிம்பிலும் மணிக்கட்டிலும் ரிப் போடுவது இதனால்தான், விரிந்து உள்ளே விட்டுத் திரும்பவும் கவ்விக்கொள்ளும்.

கோலம் பல கேன்சிகளில் மார்பிலும் மேற்கையிலும் மட்டுமே இருக்கும். கீழே வெறும் நிட். இடுப்புக்குக் கீழே கால்சட்டையும் எண்ணெய்த்துணியும் மூடிக்கொள்ளும், அங்கே நூலைச் செலவழிப்பது வீண்.

தையல் ஒன்றுகூடக் கிடையாது. பழைய முறையில் இரு முனையும் கூரான எஃகு ஊசிகள் நான்கோ ஐந்தோ வைத்துக் குழாயாகச் சுற்றிச் சுற்றிப் பின்னுவார்கள், இடுப்பு வாரில் செருகிய ஒரு மரக்கட்டையில் வலது ஊசியை ஊன்றிக்கொண்டால் நடந்துகொண்டே பின்னலாம். ஹெர்ரிங் மீன் (நம் மத்திக்கு உறவுக்காரன்) கூட்டத்தின் பின்னால் படகுகள் ஷெட்லாண்டிலிருந்து தெற்கே யார்மத் வரை போக, மீனை அறுத்து உப்பிட்டுப் பீப்பாயில் அடுக்கும் பெண்கள் கரைவழியே துறைமுகம் துறைமுகமாகப் போனார்கள். கத்தி கிழிக்காமலிருக்க விரலில் துணி சுற்றி நாள் முழுதும் வேலை, வேலை இல்லாத நேரத்தில் பின்னல். கோலங்கள் அவர்களோடு சேர்ந்து ஊர் ஊராகப் பயணம் போயின. கடலில் இறந்தவனை அவன் கேன்சியின் கோலத்தைப் பார்த்தே இன்ன ஊர் என்று சொல்லிவிடுவார்கள் என்ற கதையை நான் முழுதாக நம்பாததற்கு இதுவே காரணம். அந்தக் கதைக்கு வலுச் சேர்த்தது 1904இல் மேடையேறிய ஓர் அயர்லாந்து நாடகம், அதிலும் அடையாளம் காட்டுவது ஸ்வெட்டர் இல்லை, கண்ணி எண்ணிப் பார்த்த ஒரு காலுறை. அணிபவரின் பெயரின் முதலெழுத்துகளை அடிவிளிம்புக்கு மேலே பின்னி வைக்கும் வழக்கம் மட்டும் உண்மையாகவே இருந்தது.

சுற்றிப் பின்னுவது என்னை ஒருமுறை வசமாகக் கவிழ்த்தது. அளவு பார்க்க ஒரு சதுரத் துண்டு பின்னினேன், முன்னும் பின்னுமாகத் திருப்பித் திருப்பி. 10 சென்டிமீட்டருக்கு 30 கண்ணி, கணக்குச் சரி, 330 கண்ணி ஏற்றித் தொடங்கிவிட்டேன். 9 சென்டிமீட்டர் உயரம் வந்ததும் அளந்தால் சுற்றளவு 110க்குப் பதில் 100. தட்டையாகப் பின்னும்போது ஒன்றுவிட்டு ஒரு வரிசை பர்ல், என் கையில் பர்ல் கொஞ்சம் தளர்வாக விழும். குழாயில் எல்லாமே நிட், எல்லாமே இறுக்கம், 10 சென்டிமீட்டருக்கு 33. மூன்றே மூன்று கண்ணி வித்தியாசம் சட்டையில் 10 சென்டிமீட்டரைத் தின்றுவிட்டது. முழுக்கப் பிரித்தேன். நூல் நெளிநெளியாக மடியில் விழுந்து கிடந்தபோது தொண்டை அடைத்தது, நிஜமாகவே.

அக்குளில் ஒரு சதுரத்துண்டு, வைர வடிவில். குழாய் உடம்பில் குழாய்க் கையை அப்படியே ஒட்டினால் கையைத் தூக்கும்போது சட்டை மொத்தமும் மேலே ஏறி இடுப்பு தெரியும், வலை இழுப்பவனுக்கு அது ஆகாது. பக்கவாட்டில் ஒரே கண்ணியில் தொடங்கி, மூன்று நான்கு வரிசைக்கு ஒருமுறை இரண்டு இரண்டாகக் கூட்டிக்கொண்டே போய், கை ஆரம்பித்ததும் அதே வேகத்தில் குறைத்தால் வைரம் வந்துவிடும். கை தூக்கும்போது தேவைப்படும் கூடுதல் நீளத்தை அது விரிந்து கொடுக்கிறது. அதனால் சட்டை எவ்வளவு உடம்போடு ஒட்டியிருந்தாலும் கை தடையின்றி ஓடும். ஒட்டித்தான் இருக்கவும் வேண்டும், தொளதொளவென்று தொங்கினால் தூண்டில் மாட்டும், நடக்க நடக்கத் துருத்திபோல் உள்ளிருக்கும் சூட்டுக்காற்றும் வெளியே போய்விடும்.

கையை மட்டும் தோளிலிருந்து கீழ்நோக்கிப் பின்ன வேண்டும். பின்னல் துணி எந்தப் பக்கம் முடிந்ததோ அந்தப் பக்கத்திலிருந்துதான் சரசரவென்று பிரியும், தொடங்கிய பக்கத்திலிருந்து பிரிக்கப் போனால் கண்ணிக்குக் கண்ணி மாட்டிக்கொண்டு உயிரை வாங்கும். முதலில் தேய்ந்து கிழிவது மணிக்கட்டு. அங்கே பின்னலை முடித்திருந்தால் கிழிந்ததை நாலு விரல் உயரத்துக்குப் பிரித்துவிட்டுப் புது நூலில் திரும்பப் பின்னிக்கொள்ளலாம், மேலே கோலம் போட்ட பகுதியைத் தொடவே வேண்டாம். முன்கை வெறும் நிட்டாக இருப்பதற்கும் இதுதான் காரணம். கை நீளத்தையும் மணிக்கட்டுக்குச் சற்று மேலேயே நிறுத்திவிடுவார்கள், ஏனென்றால் உப்புத்தண்ணீரில் ஊறிய ஓரம் தோலை அறுத்துப் புண்ணாக்கும். முன்பக்கமும் பின்பக்கமும் ஒன்றுபோல் இருப்பதால் இன்றைக்கு ஒரு பக்கம், நாளைக்கு மறுபக்கம் என்று திருப்பிப் போடலாம், தேய்மானம் பங்கிட்டுக்கொள்ளும்.

இப்போது இடது கை முடிந்துவிட்டது. வலது கையில் இன்னும் 40 வரிசை பாக்கி. இரவில் கருநீலக் கண்ணியை எண்ண முடிவதில்லை, அதனால் காலையில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, வெளிச்சம் இருக்கிறவரை மட்டும் பின்னுகிறேன். மிச்ச நூலில் இரண்டு உருண்டையைத் தனியே எடுத்துப் பெட்டியில் போட்டு, 'மணிக்கட்டுக்கு' என்று எழுதி ஒட்டியிருக்கிறேன்.