எம்எஸ்-எம்பிஏ இணைப்புப் படிப்பு: சேருமுன் போட வேண்டிய கணக்கு

இரண்டு பட்டம் கையில் இருந்தால் இரண்டு பக்கமும் கதவு திறக்கும் என்ற நம்பிக்கையில்தான் பலர் பொறியியல் முதுநிலையும் (எம்எஸ்) எம்பிஏவும் சேர்ந்த படிப்புக்கு விண்ணப்பிக்கிறார்கள். ஆனால் ஆள் எடுப்பவர் பட்டங்களை எண்ணுவதில்லை. தன் காலியிடத்துக்குப் பொருந்துகிறவரைத்தான் தேடுகிறார்.

எனவே வேலையிலிருந்து தொடங்குங்கள். ஐந்தாண்டு கழித்து எந்தப் பதவியில் இருக்க ஆசையோ, அதற்கான வேலை விளம்பரங்கள் இருபதைத் திரட்டுங்கள். எம்எஸ், எம்பிஏ, அனுபவம் ஆகிய மூன்றில் எதை விளம்பரம் கட்டாயம் என்கிறது, எதை 'இருந்தால் நல்லது' என்கிறது என்று குறியுங்கள். பிறகு உங்கள் திட்டத்திலிருந்து ஒவ்வொரு பட்டமாக நீக்கிப் பாருங்கள். ஒன்றை நீக்கிய பிறகும் அந்த வேலைக்குப் போக முடியும் என்றால், அந்தப் பட்டம் வீண்செலவு.

கன்சல்டிங்குக்கும் நிதித்துறைக்கும் பெரும்பாலும் எம்பிஏ மட்டும் போதும். சிப் வடிவமைப்பு, ஆராய்ச்சி என்றால் ஆழமான எம்எஸ் அல்லது பிஎச்டிதான் வழி. தொழில்நுட்ப முடிவையும் பண முடிவையும் ஒரே ஆள் எடுக்கும் இடங்களில்தான் இணைப்புப் படிப்பு எடுபடும்: உற்பத்தி, சப்ளை செயின், மருத்துவக் கருவிகள், எரிசக்தி, ஹார்டுவேர் ஸ்டார்ட்அப்.

'இணைப்பு' என்ற பெயரில் இரண்டு வகைப் படிப்புகள் உண்டு. 1988இல் வேறு பெயரில் தொடங்கிய, அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தின் எல்ஜிஓ (லீடர்ஸ் ஃபார் குளோபல் ஆபரேஷன்ஸ்) திட்டம் ஒரே கட்டமைப்பாக உருவானது: இரண்டு ஆண்டு, நடுவில் கூட்டாளி நிறுவனம் ஒன்றில் சுமார் ஆறு மாத இன்டர்ன்ஷிப், அந்த வேலையிலிருந்தே தீசிஸ் (ஆய்வேடு). ஹார்வர்டின் எம்எஸ்/எம்பிஏவும் இப்படி ஒன்றாகத் திட்டமிடப்பட்டதே. வேறு பல பல்கலைக்கழகங்களில் இரு துறைகளுக்கும் தனித்தனியாக விண்ணப்பித்து இடம் பெற வேண்டும். சில கிரெடிட்கள் மட்டும் இரு பக்கமும் கணக்கில் வரும். அங்கே பாடங்களை ஒட்டுப்போடும் வேலை மாணவர் தலையில்தான் விழும்.

பலரும் கவனிக்காமல் விடுவது கோடை விடுமுறையை. இரண்டாண்டு எம்பிஏவில் நடுவே வரும் கோடை இன்டர்ன்ஷிப்தான் பலருக்கு நிரந்தர வேலையாக மாறுகிறது. அதற்கான தேர்வு முதலாண்டு பாதி முடியுமுன்பே சூடுபிடித்துவிடும். நெருக்கிப் போட்ட திட்டங்கள் சிலவற்றில் அந்தக் கோடையைப் பொறியியல் பாடங்களோ ஆய்வகமோ விழுங்கிவிடும். ஏற்கெனவே இருக்கும் துறையிலேயே மேலே போகிறவருக்கு இது பெரிய இழப்பில்லை. துறை மாற நினைப்பவருக்கோ, புதுத் துறையில் காலூன்ற இருந்த ஒரே வாய்ப்பு போய்விடும். படிப்பின் கையேட்டில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். பிறகு தீசிஸ் கட்டாயமா, எந்தப் பருவத்தில் எந்தத் துறையின் கட்டணம் என்பவை.

செலவைக் கணக்கிடும்போது இணைப்புப் படிப்பைத் தனி எம்பிஏவோடு ஒப்பிடுங்கள். கூடுதல் கட்டணம், கூடுதல் மாதங்களில் இழக்கும் சம்பளம், கடன் வட்டி மூன்றையும் கூட்டினால் வருவதுதான் எம்எஸ்ஸின் உண்மையான விலை. தொழில்நுட்பக் குழுவை நடத்துவது மட்டுமே இலக்கு என்றால், ஏறக்குறைய ஓராண்டில் முடியும் பொறியியல் மேலாண்மை முதுநிலையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கல்லூரி தரும் வேலைவாய்ப்பு அறிக்கையில் இணைப்பு மாணவர்களின் எண்கள் எம்பிஏ எண்களோடு கலந்திருக்கலாம். அவர்களுடையதைத் தனியாகப் பிரித்துத் தரும்படி சேர்க்கை அலுவலகத்தில் கேளுங்கள்.