கனவுக்குள் ஆள் போக முடியாது, மழை போகும்

இலங்கை மலையகத்தில், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் மழைக்காலத்தில் படுக்கப் போவதென்றால், தகரத்தில் எந்த இடம் ஒழுகுகிறது என்று பார்த்து, அதற்குக் கீழே வாளியோ பேசினோ வைத்துவிட்டு, மிச்சம் இருக்கிற இடத்தில்தான் பாய் போட வேண்டும். அப்படி ஒரு ராத்திரி சித்தி மகன் வந்திருந்தான். ஹட்டனில் ஏ.எல். என்கிற உயர்தர வகுப்புப் படிக்கிறவன், விஞ்ஞானப் பிரிவு. கம்பளியைப் போர்த்திக்கொண்டு இரண்டு பேருமாக லேப்டாப்பில் இன்செப்ஷன் படம் பார்த்தோம். முடிந்ததும் கேட்டான்: “அண்ணே, நெசமாவே இப்படி அடுத்தவன் கனவுக்குள்ள ஆள் போக முடியுமா?”

“ஆள் போக முடியாது. மழை வேணும்னா போகும்” என்றேன்.

கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டான். இல்லை, உண்மையாகத்தான் சொன்னேன்.

படம் பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாக: 2010இல் கிறிஸ்டோபர் நோலன் எடுத்தது. ஒரு சூட்கேஸ் அளவு கருவி, அதிலிருந்து வருகிற வயரைக் கையில் மாட்டிக்கொண்டு நாலைந்து பேர் ஒன்றாகத் தூங்கினால் எல்லோரும் ஒரே கனவுக்குள் இருப்பார்கள். டிகாப்ரியோவின் தொழில், அப்படி நுழைந்து ரகசியம் திருடுவது. இந்தத் தடவை திருட்டு இல்லை, ஒரு பணக்கார வாரிசின் மண்டைக்குள் ஓர் எண்ணத்தை நட்டுவிட்டு வரவேண்டும், அதுவும் அது தன்னுடைய சொந்த எண்ணம்தான் என்று அவன் நம்பும்படி. ஆரம்பத்திலேயே ஒரு காட்சி வரும். தூங்குகிற டிகாப்ரியோவை நாற்காலியோடு தண்ணீர்த் தொட்டியில் தள்ளுவார்கள், அந்த நொடியில் கனவுக்குள் ஜன்னல் ஜன்னலாக வெள்ளம் புகுந்து வரும். படத்திலேயே ஆராய்ச்சிக்கு மிகப் பக்கத்தில் வருகிற காட்சி எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

கனவை ஆராய்வதற்கு முதலில் அது எப்போது நடக்கிறது என்று தெரிய வேண்டுமே. அது தெரிய 1953 வரை ஆனது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் யூஜின் அசெரின்ஸ்கி என்ற மாணவர், பழைய மூளை அலைக் கருவி ஒன்றைத் தேடிப்பிடித்து, தன் எட்டு வயது மகனையே படுக்க வைத்து, கண்ணோரத்தில் மின்வாய்களை ஒட்டிப் பதிவு செய்து பார்த்தார். நடுராத்திரியில் பேனா தாறுமாறாக ஆட ஆரம்பித்தது, பையன் விழித்துவிட்டான் என்று போய்ப் பார்த்தால் அவன் அடித்துப்போட்ட மாதிரித் தூங்குகிறான், மூடிய இமைக்குள் கண் மட்டும் அங்கும் இங்கும் ஓடுகிறது. அந்தக் கட்டத்துக்குத்தான் ரெம் தூக்கம் என்று பேர். ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை வரும், விடிய விடிய அதன் நீளம் கூடும். அந்த நேரத்தில் எழுப்பிக் கேட்டால் பெரும்பாலான ஆட்கள் கதை மாதிரி நீளமான கனவாகச் சொல்வார்கள்.

சரி, மழைக்கு வருகிறேன். 1958இல் வில்லியம் டிமென்ட், எட்வர்ட் வோல்பர்ட் என்ற இரண்டு பேர் ரெம் தூக்கத்தில் இருந்த ஆட்கள் மேல் குளிர்ந்த தண்ணீரைப் பீச்சினார்கள். விழிக்காமல் தூங்கினவர்களைச் சற்று நேரம் கழித்து எழுப்பிக் கேட்டபோது, நூற்றுக்கு 42 தடவை அந்தத் தண்ணீர் ஏதோ ஓர் உருவத்தில் கனவுக்குள் வந்திருந்தது. வெளிச்சம் போட்டால் 23 தடவை, சத்தத்துக்கு வெறும் 9. ஒருவருடைய கனவு எனக்கு மறக்கவே மறக்காது. நாடக மேடையில் கதாநாயகிக்குப் பின்னால் நடந்து போகிறார், அவள் திடீரென்று சரிந்து விழுகிறாள், ஓடிப்போய்ப் பார்த்தால் அவள் மேல் தண்ணீர் சொட்டுகிறது, நிமிர்ந்து பார்த்தால் கூரை ஒழுகுகிறது. அமெரிக்காவில் நல்ல ஆய்வுகூடத்தில் படுத்திருந்தவருக்கு ஒழுகுகிற கூரை கனவில்தான் வந்தது, நமக்கு அது தலைமாட்டிலேயே இருக்கிறது என்று தம்பியிடம் சொன்னேன். அவன் எட்டிப்போய் வாளியை நகர்த்தி வைத்தான்.

இதில் நடப்பது என்னவென்றால், தூங்குகிற மூளை வெளியே இருந்து வருவதை முழுதாக அடைப்பதில்லை. மூளையின் நடுவில் தலாமஸ் என்று ஒரு பகுதி இருக்கிறது, கண், காது, தோல் எல்லாவற்றின் சேதியும் அதைத் தாண்டித்தான் மேலே போகவேண்டும். தூக்கத்தில் அது காவல்காரன் மாதிரி பெரும்பாலானதைத் திருப்பி அனுப்பிவிடும். அதையும் மீறிக் கசிந்து போகிறதை, என்ன ஏது என்று விசாரிக்காமல், ஓடிக்கொண்டிருக்கிற கதைக்குள்ளேயே மூளை கோத்துவிடும். விசாரிக்கிற பகுதி நெற்றிக்குப் பின்னால் இருக்கிறது, ரெம் தூக்கத்தில் அது அடங்கிக் கிடக்கும். பயம், சந்தோஷம் போன்றவற்றைக் கிளப்புகிற உள்பகுதியோ விழித்திருக்கும்போது இருப்பதைவிடத் துடியாக இருக்கும். செத்துப்போன அப்பாயி வந்து ரொட்டி சுட்டுக் கொடுத்தாலும் கனவில் நாம் ஏன் என்று கேட்காமல் சாப்பிடுவது அதனால்தான்.

லயத்தில் வளர்ந்தவர்களுக்கு இதெல்லாம் புதுசு இல்லை. ஒரு சுவர், அதுவும் கூரை வரைக்கும் எட்டாத சுவர், அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம். பக்கத்துக் காம்பராவில் இருமினால் நம் காம்பராவில் புரண்டு படுப்போம். நான் ஆறாம் வகுப்புப் படிக்கும்போது பக்கத்து வீட்டு அக்கா விடியற்காலை எழுந்து சத்தமாகப் பாடம் சொல்லிப் படிப்பார், எனக்குக் கனவில் அது பஸ் கொண்டக்டர் “கொட்டகலை, தலவாக்கலை, லிந்துலை, நானுஓயா” என்று கத்துகிற மாதிரி வரும். நான் இறங்க வேண்டிய இடம் மட்டும் வரவே வராது.

இப்போது எதிர்ப்பக்கம். வெளியே இருப்பது உள்ளே போகும், சரி, உள்ளே இருக்கிறவன் வெளியே சேதி சொல்ல முடியுமா? ரெம் தூக்கத்தில் மூளைத்தண்டிலிருந்து கட்டளை போய் உடம்பின் தசைகளை எல்லாம் செயலற்றதாக்கிவிடும், இல்லாவிட்டால் கனவில் ஓடுகிறவன் நிஜத்திலும் எழுந்து ஓடுவான். பிரான்சில் மிஷெல் ஜூவே பூனைகளின் மூளைத்தண்டில் அந்தக் குறிப்பிட்ட இடத்தைச் சிதைத்துப் பார்த்தார். பூனைகள் தூங்கிக்கொண்டே எழுந்து நின்று, இல்லாத இரை மேல் பாய்ந்தன. சில நேரம் மூளை விழித்துவிடும், தசையின் பூட்டு மட்டும் திறந்திருக்காது, நெஞ்சில் யாரோ உட்கார்ந்த மாதிரி இருக்கும், கத்த வராது. அதைத்தான் நம் ஆட்கள் அமுக்குவான் பேய் என்கிறார்கள். தலைமாட்டில் கத்தி வைத்துப் படுத்தால் வராது என்று அப்பாயி சொல்வார். கத்தியால் பயம் குறைந்து நல்ல தூக்கம் வந்தால் அதுவும் ஒரு மருந்துதான், நான் சண்டை போட மாட்டேன்.

பூட்டிய உடம்பில் மூச்சுத் தசையையும் கண்ணையும் மட்டும் பூட்டுவதில்லை. அந்தக் கண்ணைப் பிடித்துக்கொண்டுதான் இங்கிலாந்தில் கீத் ஹேர்ன் ஒரு வேலை செய்தார். இது கனவுதான் என்று கனவுக்குள்ளேயே தெரிந்துகொள்கிற ஆட்கள் சிலர் உண்டு, தெளிகனவு என்று சொல்லலாம். அப்படிப்பட்ட ஆலன் வோர்ஸ்லி என்பவரிடம், கனவு என்று தெரிந்ததும் கண்ணை இடம் வலமாக இத்தனை தடவை ஆட்டு என்று முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டார். 1975 ஏப்ரலில் ஒரு காலை, தூங்குகிறவரின் கண் பேசிவைத்தபடியே ஆடியது. கனவுக்குள் இருந்து வந்த முதல் தந்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஸ்டான்ஃபோர்டில் ஸ்டீபன் லபெர்ஜ் இதைத் தனியாகச் செய்து உறுதிப்படுத்தினார்.

2021இல் அமெரிக்கா, பிரான்ஸ், ஜெர்மனி, நெதர்லாந்து என்று நாலு நாட்டு ஆய்வுகூடங்கள் சேர்ந்து அதற்கு மேலே ஒரு படி போயின. தெளிகனவில் இருக்கிறவரிடம் கணக்கே கேட்டார்கள். எட்டிலிருந்து ஆறு போனால் எத்தனை? தூங்குகிறவர் கண்ணை இரண்டு தடவை இடம் வலமாக ஆட்டினார், இரண்டு. 36 பேரிடம் செய்த முயற்சியில், தெளிகனவு என்று உறுதியானபோது கேட்ட 158 கேள்விகளில் சரியான பதில் வந்தது 18 சதவீதம்தான், பாதிக்கு மேல் பதிலே இல்லை. இது குறைவுதானே என்றான் தம்பி. தூங்குகிறவன் கழித்தல் கணக்குப் போட்டிருக்கிறான்டா என்றேன். கேள்வி அவர்களுக்கு எப்படிக் கேட்டது என்பது இன்னும் ருசியான சங்கதி: சிலருக்குக் கனவில் ஓடிய ரேடியோவிலிருந்து, சிலருக்கு மேலே எங்கிருந்தோ கதை சொல்கிறவர் குரல் மாதிரி. ஆக, ஆய்வாளர் கனவுக்குள் போகவில்லை, லயத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று குரல் கொடுத்தார், அவ்வளவுதான்.

படம் அடித்துவிட்ட பெரிய பொய் நேரக் கணக்கு. வெளியே ஐந்து நிமிஷம் என்றால் கனவில் ஒரு மணி நேரம், கனவுக்குள் கனவு என்று இறங்க இறங்க அது பெருகி, பத்து மணி நேர விமானப் பயணத்துக்குள் மூன்றாவது அடுக்கில் பத்து வருஷம் ஓடிவிடும். 1957லேயே டிமென்டும், அசெரின்ஸ்கியின் பேராசிரியர் கிளைட்மனும் இதைச் சோதித்துவிட்டார்கள். ரெம் தொடங்கி 5 நிமிஷத்திலோ 15 நிமிஷத்திலோ எழுப்பி, எவ்வளவு நேரம் கனவு கண்டாய் என்று கேட்டால், 111 தடவையில் 92 தடவை சரியாகச் சொன்னார்கள். தெளிகனவுக்காரர்களைக் கனவிலேயே எண்ணச் சொல்லியும் பார்த்தார்கள், விழித்திருக்கும்போது ஆகிற நேரம்தான் ஏறக்குறைய ஆனது. உட்கார்ந்து எழும்பச் சொன்னால் கனவில் கூடுதல் நேரம் எடுத்தது. அதாவது படத்துக்கு நேர் எதிர், கனவு உடம்பு மெதுவாகத்தான் வேலை செய்கிறது. ஒரு கனவுக்குள் பல நாள் ஓடின மாதிரித் தோன்றுவது, கூத்தில் ராஜா மேடையை ஒரு சுற்றுச் சுற்றினால் வேறு நாட்டுக்குப் போய்ச் சேர்கிற கதைதான். இடையில் இருக்கிற பயணத்தை மூளை காட்டுவதே இல்லை.

அந்த சூட்கேஸ் கருவி? மூளையில் ஓடுகிற கனவைப் படிப்பது வேறு, மூளைக்குள் கனவை எழுதுவது வேறு. படிப்பதில் ஜப்பான்காரர்கள் கொஞ்சதூரம் போயிருக்கிறார்கள். 2013இல் யுகியாசு கமிதானியின் குழு மூன்று பேரை எம்ஆர்ஐ கருவிக்குள் தூங்கவிட்டு, கண் அசருகிற நேரத்தில் எழுப்பி எழுப்பி, ஓர் ஆளை 200 தடவைக்குக் குறையாமல், என்ன பார்த்தாய் என்று கேட்டது. அந்த ஆட்கள் விழித்திருந்து படம் பார்த்தபோது பதிந்த மூளைச் செயல்பாட்டைக் கணினிக்குப் பழக்கி, கனவில் வந்தது மனிதரா, எழுத்தா, கட்டடமா என்று சொல்ல வைத்தால் 60 சதவீத அளவுக்குச் சரியாகச் சொன்னது. ஆனால் ஒவ்வோர் ஆளுக்கும் தனித்தனியாகப் பழக்க வேண்டியிருந்தது. என் மூளையில் அப்பாயி என்பது கோடிக்கணக்கான நரம்பணுக்களில் ஒரு மாதிரிப் பின்னிக் கிடக்கிறார், தம்பி மூளையில் அதே அப்பாயி வேறு மாதிரி. என் கனவை அவன் தலைக்குள் ஊற்ற வேண்டுமென்றால் அந்தப் பின்னல் முழுவதையும் அவனுடைய பின்னலுக்கு மொழிபெயர்த்து, அணு அணுவாக எழுத வேண்டும். வயரைக் கையில் மாட்டி அது நடக்காது.

எண்ணத்தை நடுவது மட்டும் முழுப் பொய் இல்லை, அங்கேதான் எனக்குக் கொஞ்சம் முதுகு சில்லிடுகிறது. 2015இல் பாரிஸில், எலி கூண்டில் ஓர் இடத்தில் நிற்கும்போது மட்டும் துடிக்கிற நரம்பணுவைக் கண்டுபிடித்தார்கள். எலி தூங்கும்போது அதே அணு தானாகத் துடிக்கும், பகலில் நடந்த பாதையை மூளை மறுபடி ஓட்டிப் பார்க்கிற மாதிரி. அப்படித் துடிக்கும்போதெல்லாம் எலியின் மூளையில் சுகம் தருகிற பகுதிக்குச் சிறு மின் தூண்டல் கொடுத்தார்கள். எழுந்த எலி நேரே அந்த இடத்துக்குப் போனது. அங்கே அதற்கு ஒன்றுமே கிடைத்ததில்லை. போக வேண்டும் என்ற ஆசை மட்டும் தூக்கத்தில் நட்டது.

மனிதருக்கு மின்வாய் வேண்டாம், மூக்குப் போதும். வாசனைக்குத் தலாமஸ் காவல் இல்லை, அது நேராக உள்ளே போகும், எழுப்பவும் எழுப்பாது. ஸ்டோர் என்கிற தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து கொழுந்து வாடுகிற வாசம் ராத்திரி முழுக்க லயத்துக்கு வருகிறது, அதனால் யாரும் விழித்ததில்லை. 2014இல் இஸ்ரேலில் சிகரெட் குடிக்கிறவர்களுக்குத் தூக்கத்தில் சிகரெட் வாசனையோடு அழுகின மீன், கூழ்முட்டை நாற்றத்தைச் சேர்த்துக் கொடுத்தார்கள். காலையில் எதுவும் ஞாபகம் இல்லை, ஆனால் அடுத்தடுத்த நாட்களில் சிகரெட்டைக் குறைத்துவிட்டார்கள். விழித்திருக்கும்போது அதே நாற்றத்தைக் கொடுத்தால் பலன் இல்லை. வேடிக்கை என்னவென்றால், ரெம் தூக்கத்தைவிடக் கனவு குறைவான இரண்டாம் கட்டத் தூக்கத்தில்தான் இது நன்றாக வேலை செய்தது. டிகாப்ரியோ அவ்வளவு கஷ்டப்பட்டு மூன்று அடுக்கு இறங்கியிருக்கவே வேண்டாம்.

இவ்வளவையும் கேட்டுவிட்டுத் தம்பி, நாமும் செய்து பார்ப்போம் என்று நின்றான். எட்டிலிருந்து ஆறு, கண்ணை இரண்டு தடவை ஆட்டு என்று பேசிவைத்தோம். அவன் பத்தரைக்குப் படுத்தான், நான் டோர்ச்சோடு உட்கார்ந்தேன். முன்ராத்திரியில் ஆழ்ந்த தூக்கம்தான் அதிகம், ரெம் விடியற்காலையில்தான் நீளமாக வரும் என்று நானே சொல்லிவிட்டு, நானே பத்தரைக்கு உட்கார்ந்தது மடத்தனம். கண் அசையவில்லை, குறட்டைதான் வந்தது. நானும் சுவரில் சாய்ந்தபடியே தூங்கிவிட்டேன்.

நாலரைக்கு விழிப்பு வந்தபோது அவன் இமைக்குள் கண் ஓடிக்கொண்டிருந்தது, எனக்குக் கை நடுங்கியது. குனிந்து காதுக்குப் பக்கத்தில் மெதுவாகக் கணக்கைக் கேட்டேன். ஒன்றும் இல்லை. டிமென்ட் செய்ததையாவது செய்வோம் என்று வாளியில் சேர்ந்திருந்த மழைத் தண்ணீரை விரலால் தொட்டு முகத்தில் தெளித்தேன். வாரிச் சுருட்டிக்கொண்டு எழும்பினான்.

“என்னடா கனவு?” என்றேன்.

“கனவுமில்ல ஒண்ணுமில்ல. வாளிய இந்தப் பக்கம் நகர்த்துங்க, ஒழுகுது” என்று சொல்லிவிட்டுக் கம்பளியை இழுத்து மூடிக்கொண்டான்.